ஓமத் தண்ணீர்

மங்கையர்க்கரசியின் சாப்பாட்டு டப்பாவை அந்தப் பெண் எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தபோது, ஐயோ, கீழே வையம்மா என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. கடலூரில் அவர்கள் அலுவலகத்து மாடிக் கூட்ட அறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களை மட்டும் கூட்டி உட்கார வைத்திருந்தார்கள்; மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாம்; வெளியே ஐப்பசி மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது; பேச வந்தவள் ஒரு மருத்துவமனையின் உணவு ஆலோசகர், ரிஹானா என்று பெயர், அரசியின் மகள் வயதுதான் இருக்கும். "இதப் பாருங்க, நான் இன்னிக்குப் பேச வந்தது எல்லாத்தையும் மேடம் ஒரே டப்பால கொண்டாந்திருக்காங்க" என்றாள். வரகரிசிச் சோறு, பச்சைப்பயறுக் கடையல், முருங்கைக்கீரைப் பொரியல், மூடியில் நாலு துண்டு கொய்யா. யாரோ கை தட்ட, கையில் சோறு ஒட்டாதவர்கள் எல்லாம் சேர்ந்து தட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த கோகிலம், அதே பிரிவில் பத்து வருஷமாக அவளுக்கு எதிர் மேசையில் உட்காருகிறவள், "எங்க மேடம் வீடே அப்படித்தாங்க, அவங்க சார் சன்மார்க்க சபைக்காரரு, முட்டை விக்கிற கடையில பாக்கெட் பால்கூட வாங்க மாட்டாரு" என்று பெருமையாகச் சொல்ல, அறை முழுக்கச் சிரிப்பு. அரசிக்குக் கழுத்தடியில் இருந்து சூடு ஏறி இரண்டு காதும் எரிந்தன. மாதவிடாய் நின்ற பிறகு இந்தச் சூடு அடிக்கடி வருவதுதான், நின்ற இடத்தில் நின்றபடி உடம்பு அடுப்பாகி அடங்கும், ஆனால் இது அதுவா வேறா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காவிட்டால் கவனிப்பார்கள். டப்பா திரும்பி அவள் மடிக்கு வந்தது. கொய்யாவில் ஒரு துண்டு சரிந்து கீரைக்குள் விழுந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் படங்கள் மாறிக்கொண்டிருந்தன. தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும், பயறு பருப்பு தினமும், தீட்டாத தானியம், நார்ச்சத்து, எண்ணெயில் பொரித்ததும் இனிப்பும் எப்போதாவது. ரிஹானா சத்தம் போடாமல், ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். "மாதவிடாய் நின்னதுக்கப்புறம் உடம்புல சேர்ற கொழுப்புதான் ஈஸ்ட்ரோஜென் உண்டாக்குற முக்கியமான இடம். அதனாலதான் அந்த வயசுல எடை ஏறக் கூடாதுன்னு சொல்றோம்." பெண்கள் தங்கள் தங்கள் வயிற்றின் மேல் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அரசியும் இழுத்துவிட்டாள். கீரை தின்கிற வீட்டில் இந்த இடுப்பு எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசித்தால்? போன பொங்கலுக்குத் தைத்த ஜாக்கெட் இப்போது கொக்கி ஏறவில்லை. அவர்தான், கணவர் தணிகாசலம், "வயசாச்சு அரசி, உடம்பு அப்படித்தான் வைக்கும்" என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதுதான் கஷ்டம். ஒரு நாளாவது சந்தேகப்பட்டு, டம்ளரை வாங்கி மோந்து பார்த்திருந்தால். "எதைத் தின்னா வராது, எதைத் தின்னா வரும்னு தட்டைப் பாத்து யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்று அந்தப் பெண் இப்போது சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாம் சரியா இருந்தவங்களுக்கும் வருது. நாம பண்றது, வர்ற வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான். வந்தவங்களைப் பாத்து நீ என்ன தின்னேன்னு தயவுசெஞ்சு கேட்டுறாதீங்க." அரசிக்குக் குந்தலா அக்காவின் முகம் வந்து நின்றது. புதுச்சேரி லாஸ்பேட்டையில், ஜன்னலோரக் கட்டிலில், தலையில் பருத்தித் துணி சுற்றிக்கொண்டு, உப்பில்லாத தயிர்சோற்றைக் கரண்டியால் கிளறிக்கொண்டே, "நான் என்னடி தப்பா தின்னேன், சொல்லு" என்று கேட்ட அக்கா. ஊறுகாயைக்கூட விரல் நுனியால் தொட்டுக்கொள்கிறவள். இடது மார்பை எடுத்தாகிவிட்டது. எடுத்த பிறகு அக்கா நைட்டிக்குள் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள், பார்க்க வருகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று. பார்க்க வருகிறவர்களுக்கு! "ஒண்ணும் தப்பா தின்னலக்கா" என்று அரசி சொன்னாள். ஒன்றும் செய்யாதவளுக்கு வந்தது. செய்கிறவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவளுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் திரையில் அந்தப் படம் வந்தது. ஒரு கண்ணாடிக் கோப்பை, பக்கத்தில் ஒரு பாட்டில். பின்வரிசையில் இருந்து ஒருத்தி, "அய்ய, இதெல்லாம் எங்க வீட்டுக்காரருக்குக் காட்டுங்க மேடம்" என்று கத்த, சிரிப்பு கூரையில் மோதியது. ரிஹானாவும் சிரித்துவிட்டாள். "மது. இதுவும் ஒரு காரணம்தான், கொஞ்சமா இருந்தாலும். சரி, நம்ம கூட்டத்துக்கு இது வேண்டாம், நேரமும் இல்ல" என்று பொத்தானை அழுத்தினாள், படம் போய் ஒரு பப்பாளி வந்தது. அவ்வளவுதான் நடந்தது. எல்லோரும் பப்பாளிக்குப் போய்விட்டார்கள். அரசி மட்டும் போகவில்லை. கொஞ்சமா இருந்தாலும். கொஞ்சம் என்றால் எது? அவள் இத்தனை நாளாக நின்றுகொண்டிருந்ததே அந்தக் கொஞ்சத்தின் மேல்தான். நாம் என்ன மற்றவர்களைப் போலவா, கொஞ்சம்தானே, டம்ளரில் பாதிகூட இல்லை, மருந்து மாதிரி. முதலில் அடியை மட்டும் நனைக்கிற அளவு, பிறகு டம்ளரின் இடுப்பில் இருக்கும் கோடு வரை, இந்த ஆடிக்குப் பிறகு கோட்டுக்கு மேலே, மேலே என்றாலும் கொஞ்சம்தான். கொஞ்சமா இருந்தாலும். ஒருவேளை அந்தப் பெண் வேறு எதையோ சொல்லியிருப்பாள், சிரிப்பில் தனக்குத் தப்பாகக் கேட்டிருக்கும். கொஞ்சமா இருந்தால் பரவாயில்லை என்று சொல்லியிருப்பாளோ. இல்லை. காது எரிந்துகொண்டிருந்தாலும் கேட்டது சரியாகத்தான் கேட்டது. நம்ம கூட்டத்துக்கு இது வேண்டாம். அதையும் கேட்டாள். அதைக் கேட்டபோது, தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மட்டும் வரிசையில் இருந்து வெளியே இழுக்கப்பட்ட மாதிரி இருந்தது. நம்ம கூட்டம் என்று அவள் சொன்னதில் தான் இல்லை. யாருக்கும் தெரியாது, கோகிலத்துக்குத் தெரியாது, ஆனாலும் இல்லை.

எப்படித் தொடங்கியது என்று நினைத்தால் எப்போதும் அந்தப் பல்வலியில்தான் போய் நிற்கிறது, பல்வலியையே குற்றவாளியாக்கிவிடலாம் போல. மகள் கல்யாணத்துக்கு வந்த கொழுந்தனார், பட்டாளத்தில் இருந்தவர், பரணில் விட்டுப்போன பாதி பாட்டில் பிராந்தி. கல்யாணம் முடிந்து மகள் ஓசூருக்குப் போன பிறகு பரணை ஒழிக்கும்போது கைக்கு வந்தது. கணவர் கண்ணில் பட்டால் வீட்டைக் கழுவி விளக்கேற்றச் சொல்வாரே என்று ஒளித்துத்தான் வைத்தாள், கொட்டத்தான் நினைத்தாள், கொட்டப் போன சாயங்காலம் கடைவாய்ப்பல் உயிரை எடுத்தது. வெந்நீரில் ஒரு வாய். பல்வலி போயிற்று. பல்வலியோடு வேறு ஏதோ ஒன்றும் போயிற்று; குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் நின்றால்தான் இதுவரை அது இரைந்துகொண்டிருந்தது தெரியும் இல்லையா, அந்த மாதிரி. மகள் இல்லாத வீடு, தூக்கம் இல்லாத இரவுகள், நினைத்தபோது எரிகிற உடம்பு, ஆபீசில் கோப்பு, வீட்டில் கீரை ஆய்வது, எல்லாம் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவர் சாயங்காலம் சபைக்குப் போவார், விளக்கேற்றி, வாசித்து, வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றி, எட்டு மணிக்குத்தான் திரும்புவார். அந்த இடைவெளியில்தான். பாட்டில் கேழ்வரகு டிரம்முக்குள், தானியத்தில் புதைந்து இருக்கும். அவர் அதில் கை விடுவதில்லை. எவர்சில்வர் டம்ளர், வாசனையை மறைக்க மேலே ஒரு மூடி ஓமத் தண்ணீர். ஒரு நாள் அவர் சீக்கிரம் வந்துவிட்டார். "என்ன அரசி, வயிறு சரியில்லையா, ஓம வாசனை வருதே" என்றார். "ஆமாங்க, உப்புசமா இருக்கு." மறுநாள் அவரே மருந்துக்கடையில் நின்று ஓமத் தண்ணீர் பாட்டில் இரண்டு வாங்கிவந்து அலமாரியில் வைத்தார். தீர்ந்தால் இன்னும் வாங்கினார். சபைக்கு வருகிறவர்களிடம், "எங்க வீட்டுல அவங்களுக்கு ஓமத் தண்ணி இல்லாம ஆகாது, பயறு வகை அதிகம் சேர்த்துக்கிறோம் பாருங்க" என்று சொல்வார். அந்த வாக்கியத்தை அவர் சொல்லும்போதெல்லாம் அரசி அடுக்களைக்குள் போய்விடுவாள். கொலை செய்தவள்கூட இப்படி ஒளியமாட்டாள். கொலை செய்தவளுக்குக் காரணமாவது இருக்கும்.

ஆனால் அதைவிட மோசமானது ஒன்று இருந்தது, அதன் பக்கம் போகக் கூடாது என்று மனசைத் திருப்பினாள். பப்பாளி, கேரட், மஞ்சள் பூசணி, அந்தப் பெண் என்னவோ சொல்கிறாள், நிறம் நிறமாகச் சாப்பிடுங்கள் என்கிறாள். திருப்பினாலும் மனசு மாடு மாதிரி பழகிய வழியில்தான் போயிற்று. பரணில் கிடைத்த பாட்டில் தீர்ந்த பிறகு கடலூரில் அவள் எந்த மதுக்கடையில் போய் நிற்க முடியும்? புதுச்சேரியில் யாருக்கும் யாரையும் தெரியாது. பெண்கள் உள்ளே வந்தால் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அக்காவுக்கு மருந்து ஏற்றுகிற நாட்களில் துணைக்குப் போவாள். ஆபீசில் விடுப்பு எழுதும்போது மேலதிகாரி, "போய்ட்டு வாங்கம்மா, அக்காவைப் பாத்துக்குங்க" என்பார். பார்த்துக்கொண்டாள்தான். வாந்திக் கிண்ணம் பிடித்தாள், கால் அமுக்கினாள், அது பொய்யில்லை. ஆனால் பஸ் நிலையத்துக்கு வரும் வழியில் அந்தக் கடை இருந்தது. அக்காவைப் பார்க்கப் போனாளா, கடைக்குப் போனாளா? அக்காவுக்கு அடுத்த ஊசி என்றைக்கு என்று கேட்கும்போது உள்ளே இன்னொருத்தி டிரம்மில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்வாள். ஒரு தடவை எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஏறினார்கள். பெண் போலீஸ் ஒருத்தி வரிசையாகப் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள். அரசியின் பையில் புதுத் துண்டில் சுற்றிய பாட்டில், அதன் மேல் அக்காவின் ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய உறை. கடலூரில் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டலாம் என்று வாங்கி வந்தது. போலீஸ்காரப் பெண் ஜிப்பைத் திறந்து உறையில் இருந்த ஆஸ்பத்திரிப் பெயரைப் பார்த்தாள். கை நின்றது. "யாருக்கும்மா?" "எங்க அக்காவுக்கு." "எல்லாம் நல்லாயிடும், கவலப்படாதீங்க" என்று அவளே ஜிப்பை மூடி, பையை அரசியின் மடியில் மெதுவாக வைத்துவிட்டுப் போனாள். வீடு வரும் வரை அரசி அந்தப் பையைத் திறக்கவில்லை. அன்றைக்கு டிரம் பக்கம் போகவில்லை. மறுநாள் போனாள். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை, மறுநாள் போனதை.

"கேள்வி ஏதாவது இருந்தா கேளுங்க" என்றாள் ரிஹானா. சோயா சாப்பிடலாமா என்று ஒருத்தி கேட்டாள், தாராளமாகச் சாப்பிடலாம் என்றாள். கறுப்பு உள்ளாடை போட்டால் வருமாமே, வாட்ஸ்அப்பில் வந்தது என்று இன்னொருத்தி. வராது என்று சிரித்தாள். சின்ன வயதில் பால் கொடுத்தது நல்லதா, நல்லது. இவ்வளவு சுலபமாகக் கேட்கிறார்களே, இவர்களுக்கு எல்லாம் வாய் தானாகத் திறக்கிறதே என்று அரசிக்குப் பொறாமையாக இருந்தது. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டால் போதும். யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை. பொதுவாகக் கேட்கலாம். ஆனால் அந்த அறையில் அதைப் பொதுவாக யார் கேட்க முடியும், கீரை டப்பா வைத்திருப்பவளா? இந்த வாரம் குளிக்கும்போது வலது பக்கம் அக்குளை ஒட்டி விரலில் ஏதோ தட்டுப்பட்டதே, அதைக் கேட்கலாமா? தட்டுப்பட்டதா, விலா எலும்பா? அன்றிலிருந்து அந்தப் பக்கம் சோப்பைத் தொட்டும் தொடாமலும் ஓட்டிவிடுகிறாள். அதைக் கேட்டால் சோதனை, சோதனை என்றால் டாக்டர், டாக்டர் என்றால் குடிப்பீர்களா என்று கேட்பார், பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பார், "டாக்டர், எங்க வீட்டுல டீகூடக் கிடையாது" என்று அவர் சொல்வார். கை தானாக உயர்ந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. "சொல்லுங்க மேடம்" என்றாள் ரிஹானா, ஆசையாக. "வந்து... கேழ்வரகை முளை கட்டிச் சாப்பிட்டா நல்லதா, அப்படியே சாப்பிட்டா நல்லதா?" நல்ல கேள்வி என்று அந்தப் பெண் பதில் சொல்லத் தொடங்கினாள். அரசி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை. கேழ்வரகாம். வேறு தானியமா கிடைக்கவில்லை இந்த வாய்க்கு.

கூட்டம் கலைந்தது. வாசலில் சுண்டலும் மோரும் கொடுத்தார்கள், எல்லோரும் அங்கே போய் முண்டினார்கள். ரிஹானா மேசையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். போய்விடலாம், கீழே மேசையில் வேலை கிடக்கிறது என்று அரசியின் கால்கள் வாசலைப் பார்த்துத்தான் திரும்பின. ஆனால் வாசலில் கூட்டம், அந்தக் கூட்டத்துக்குள் போய் நின்று சிரிக்க வேண்டும். சிரிக்க முடியாது என்று தோன்றியது. அதனால்தான், தைரியத்தால் அல்ல, அவள் மேசைப் பக்கம் போனாள். "நீங்க ஒரு படத்தைத் தள்ளிட்டீங்க" என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சட்டென்று பிடிபடவில்லை, பிறகு, "ஓ, மதுவா? எல்லாரும் சிரிச்சாங்களா, நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது" என்றாள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இருக்காங்க. கொஞ்சம்தான். சாயங்காலம் மட்டும். வேற எந்தக் கெட்ட பழக்கமும் இல்ல. காய்கறி, கீரை எல்லாம் ஒழுங்காச் சாப்பிடுவாங்க." சொல்லும்போதே அந்தத் தெரிந்தவளுக்காகத் தான் கெஞ்சுகிற குரல் கேட்டது, அந்தக் குரலைக் கேட்கவே கூசியது. ரிஹானா ஒயரைக் கீழே வைத்தாள். "கீரை சாப்பிடறதால அது சரியாப் போயிடாதுங்க மேடம். அது வேற, இது வேற. இவ்வளவு வரைக்கும் ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு அளவு சொல்ல முடியல. ஆனா எவ்வளவு குறைச்சாலும் அவ்வளவுக்கு நல்லது, நிறுத்திட்டா இன்னும் நல்லது. தினமும் குடிக்கிறாங்களா?" "தினமும்." "அப்படின்னா டாக்டரைக் கேக்காம ஒரே நாள்ல நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க, சிலருக்கு உடம்பு தாங்காது. கேக்குறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. குடும்பத்துல யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருக்கா?" "கூடப் பிறந்தவங்களுக்கு. போன வருஷம் ஆபரேஷன், புதுச்சேரியில." சொன்ன பிறகுதான் பக்கத்தில் நிழல் தெரிந்தது. கோகிலம். ஒரு கையில் சுண்டல், ஒரு கையில் மோர், அரசிக்காக வாங்கி வந்திருக்கிறாள். அக்காவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கத் தம்பியை அனுப்பியவள் கோகிலம்தான். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்று, என்ன செய்வது என்று தெரியாமல், மெல்ல இறங்கியது. எப்போதிருந்து நிற்கிறாள்? கேட்டாளா? கேட்டுவிட்டாள். அரசிக்கு அந்தச் சூடு மறுபடியும் ஏறியது, இந்தத் தடவை அது எதுவென்று சந்தேகமே இல்லை. தரை பிளந்தால் போய்விடலாம், கோகிலம் கீழே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆபீஸ், தெரு, சபை, அவர், அவர் வாங்கி அடுக்கிய ஓமத் தண்ணீர். "அவங்களை என்னை வந்து பாக்கச் சொல்லுங்க மேடம்" என்றாள் ரிஹானா, கோகிலத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டு. "நல்ல டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். மார்பையும் ஒரு தடவை பரிசோதனை பண்ணிடலாம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வருவாங்களா?" இப்போதும் வழி இருந்தது. ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி என்று சொல்லலாம், பெரியப்பா மகள் என்று சொல்லலாம், கோகிலம் நம்புவாள், நம்ப ஆசைப்படுவாள், அவள் கண் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தது. "வந்திருக்காங்க" என்றாள் அரசி. அந்தப் பெண் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டாள். அரசி உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்த முடியவில்லை. தன் மடியும், கோகிலத்தின் செருப்பும், அந்தச் செருப்பின் மேல் சிந்திய ஒரு சொட்டு மோரும்தான் தெரிந்தன. அந்தச் செருப்பு திரும்பும் என்று காத்திருந்தாள். "நான் வேணா கீழ போகட்டுமா, மேடம்?" என்றாள் கோகிலம், வழக்கமில்லாத சின்னக் குரலில். போ என்று சொல்வது எவ்வளவு எளிது. அரசி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இரு, கோகிலம்" என்றாள்.